கலப்புக் கூண்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

கலப்புக் கூண்டின் முடிவு இன்று வந்தது. தப்பாக வந்திருக்கிறது.

இந்தக் கூண்டில் என்ன நடக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். உள்ளே பாதி, புகை மருந்துக்குச் சாகாத கொசு. பாதி, மருந்து பட்டால் சாகிற சாதாக் கொசு. இரண்டையும் ஒன்றாக விட்டு, மருந்தையே கண்ணில் காட்டாமல் வளர்த்தால், தலைமுறைக்குத் தலைமுறை சாகாத வகை குறைந்துகொண்டே வர வேண்டும். மருந்தைத் தாங்கும் சக்தி எந்தக் கொசுவுக்கும் சும்மா கிடைப்பதில்லை. இறக்கை சிறுத்துப்போகும், முட்டை குறையும், புழு வளர நாளாகும். மருந்து இருக்கிற இடத்தில்தான் அந்தச் சக்தி லாபம். இல்லாத இடத்தில் வெறும் சுமை.

நகராட்சிக் கமிஷனருக்கு மே மாதம் இதைத்தான் விளக்கினேன். "மழையில்லாத நாளில் ரெயின்கோட்டும் பூட்ஸுமாக ஓட்டப்பந்தயத்துக்கு வருகிறவன் ஜெயிப்பானா சார்?" என்று கேட்டேன். சிரித்தார். ஜூனில் நான்கு வார்டில் புகை அடிப்பதை நிறுத்தினார்கள். இரண்டு வருஷம் பொறுத்தால் ஊர்க் கொசு பழையபடி சாகிற கொசுவாகிவிடும். அப்புறம் அதே மருந்தை எடுக்கலாம். ஜில்லா முழுவதற்கும் இதையே செய்யலாமா என்று அக்டோபரில் கூட்டம்.

இன்று கூண்டிலிருந்து எடுத்த கொசுக்களை மருந்துத்தாள் சுற்றிய குழாயில் விட்டுப் பார்த்தோம். பாதி செத்தது. பாதி சாவகாசமாக உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் செய்தபோது இந்தத் தலைமுறைக்குள் கால்வாசிக்கும் கீழே இறங்கியிருந்தது. இப்போது இறங்கவே இல்லை.

கொசு தானாக இப்படிச் செய்யாது. யாரோ கூண்டைத் திறந்து, சாகாத வகையை மேலும் கொஞ்சம் உள்ளே விட்டிருக்கிறார்கள்.

கொசு அறைக்குச் சாவி மூன்று பேரிடம் இருக்கிறது. நான். புழுவுக்குத் தீனி போட்டுத் தண்ணீர் மாற்றும் முப்பிடாதி. மதுரைக் கிளையிலிருந்து போன வருஷம் மாற்றலாகி வந்த விஞ்ஞானி டாக்டர் எப்சிபா.

நான் எளிதில் யாரையும் சந்தேகப்படுகிறவள் இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மருந்துத்தாள் புதிது. குழாய்கள் கழுவியவை. அறையின் சூடும் ஈரமும் சரி. ஆகவே ஆள்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சாத்தூர் ரோட்டில் உறவில் ஒரு வளைகாப்பு. திரும்பும்போது இவரிடம் வண்டியை எங்கள் கொசு ஆராய்ச்சி நிலையத்துப் பக்கம் திருப்பச் சொன்னேன். "ஞாயித்துக்கெழம கூடவா கொசு பாக்கணும்?" என்றார். ஐந்து நிமிஷம் என்றேன்.

வாட்ச்மேன் எழுந்து நின்றான். கொசு அறையின் வெளிக்கதவு திறந்திருந்தது. உள்ளே எப்சிபா. கையில் சிறு இடுக்கி, முன்னால் ஒரு வெள்ளைத் தட்டு. என்னைப் பார்த்ததும் தட்டின் மேல் மூடியை வைத்தாள்.

"என்ன எப்சிபா, லீவு நாள்ல?"

"வீட்ல கரண்ட் இல்ல மேடம். சும்மா இருக்கதுக்கு இங்க வந்து கொஞ்சம் றெக்கை அளக்கலாம்னு."

"எதோட றெக்கை?"

"செத்து விழுந்ததோடதுதான். அத பத்தி உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும் மேடம்."

பட்டுப்புடவையோடு நின்றுகொண்டிருந்தேன், வெளியே இவர் ஹார்ன் அடித்தார். அப்புறம் பேசலாம் என்றேன்.

வரும் வழியில் யோசித்தேன். செத்த கொசுவின் தட்டுக்கு எதற்கு மூடி?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கூண்டின் வாய் என்பது வலைத்துணியால் தைத்த ஒரு கை. அதற்குள் கையை விட்டு வேலை செய்துவிட்டு நுனியை முடிந்துவிட வேண்டும். நான் ஒற்றை முடிச்சுப் போட்டுச் செருகுவேன். முப்பிடாதி ரப்பர் பேண்ட் போடுவார். இன்று காலை கலப்புக் கூண்டின் வாயில் பூ முடிச்சு, ஜடைக்கு ரிப்பன் கட்டுகிற மாதிரி.

முப்பிடாதியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"நாங் கட்டல மேடம். எப்சிபா மேடம் அப்பப்போ செத்தத பொறுக்குறாக. அவுக கட்டுனதா இருக்கும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

இந்தப் பதிலில் என்னவோ இருக்கிறது. எல்லாரும் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். டைரக்டர் சங்கரபாண்டியன் சார் பேச்சில் மூன்று தடவை "நமது செண்பகவல்லி அவர்களின் திட்டம்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எப்சிபாவும் தட்டினாள். எவ்வளவு நேரம் தட்டினாள் என்று பார்த்தேன்.

அவள் தூத்துக்குடி மக்ரூன் கொண்டுவந்திருந்தாள். எனக்கு இரண்டு எடுத்து வைத்தாள். பக்கத்தில் வந்து குனிந்து, "மேடம், பத்து நிமிசம் மைக்ராஸ்கோப்ல ஒண்ணு காட்டுதேன். சாகாத வகையோட றெக்கை இப்போ சின்னதா இல்ல" என்றாள்.

கொடியேற்றத்தன்று நாலு பேர் நடுவில் எதற்கு இதைச் சொல்ல வேண்டும்? டைரக்டரின் காதில் விழ வேண்டும் என்றுதானே. திங்கட்கிழமை பார்ப்போம் என்றேன். திங்கட்கிழமை எனக்குக் கலெக்டர் ஆபீஸ் வேலை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மக்ரூனைச் சாப்பிடவில்லை. கைப்பையில் நொறுங்கிப்போயிருந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

இவர் குளிக்கப் போயிருந்தபோது போன் அடித்தது. எடுத்துக் கொடுக்கலாம் என்று பார்த்தால் எப்சிபா என்று பெயர் வருகிறது. நான் எடுப்பதற்குள் நின்றுவிட்டது.

அவளுக்கும் இவருக்கும் என்ன பேச்சு? பேங்கில் வேலை பார்க்கிறவருக்கும் கொசு வளர்க்கிறவளுக்கும்? ஒருவேளை லோன் விஷயமாக இருக்கலாம். அப்படியென்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே.

இவரிடம் கேட்கவில்லை. இட்லிக்குச் சட்னி வைத்தேனா என்று இவர்தான் கேட்டார். வைக்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

அடுத்த தலைமுறையின் முடிவு. இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியும் இருக்கிறது.

ஏறுவது என்றால் கேள்விப்படாத விஷயம். சுமை தூக்குகிறவன் முன்னால் ஓடுகிறான் என்றால், வழியில் யாரோ அவனை வண்டியில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

டைரக்டரிடம் சொல்லிவிட்டேன். எழுத்து மூலமாகவும் கொடுத்தேன். யாரைப் பற்றியும் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை கண்டது, முடிச்சு, மே மாதக் கூட்டத்தில் எப்சிபா இந்தத் திட்டத்துக்கு எதிராகப் பேசியது, அவ்வளவுதான். சார் இரண்டு தடவை படித்துவிட்டு, "அக்டோபருக்கு முன்னால இத முடிக்கணும்" என்றார். முடிவு ஏன் மாறியது என்று அவர் கேட்கவே இல்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

செப்டம்பர் 1, திங்கள்

டைரக்டர் அறையில் நாங்கள் மூன்று பேர்.

"லீவு நாள்ல வந்து அந்தக் கூண்டத் திறந்தீங்களா, இல்லையா?" என்று சார் கேட்டார்.

"திறந்தேன் சார். செத்துக் கிடந்தத எடுத்தேன், றெக்கை அளக்கதுக்கு."

"யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

எப்சிபா என்னைப் பார்த்தாள். "ரெண்டு தடவ சொல்ல வந்தேன். மேடம் அப்புறம்னாங்க."

நான் சொன்னேன், "செத்தத எடுக்கக் கைய விட்டவங்க உயிரோட எதையும் உள்ள விடலன்னு எப்படி நம்புறது?"

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது முகம் மாறியது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பாடத்தில் இல்லாத கேள்வியைக் கேட்ட மாதிரி முழித்தாள்.

"நா எதுக்கு மேடம் அப்படிச் செய்யணும்?"

"இந்தத் திட்டம் வேண்டாம்னு மே மாசமே சொன்னது நீங்கதானே."

"வேண்டாம்னு சொல்லல. ஊருக்குள்ள பிடிச்ச கொசுவையும் ஒருவாட்டி பாத்துட்டுச் செய்வோம்னு சொன்னேன்." டைரக்டர் பக்கம் திரும்பினாள். "சார், சாகாத வகையில பழைய கொசுக் கூட்டம் நலிஞ்சு போச்சுன்னு மேடம் மார்ச்ல வடக்கு வார்டுல இருந்து புதுசா முட்டை எடுத்துட்டு வந்து வச்சாங்கல்லா? அங்கதான் பாக்கணும். பழைய கூட்டத்தோட முட்டைத்தாள் டப்பாவுல காஞ்சு இருக்கு. அதையும் பொரிச்சு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வளத்துப் பாருங்க."

எவ்வளவு லாகவமாகப் பேச்சைத் திருப்புகிறாள். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சார் சாவியைக் கேட்டார். கைப்பையில் தேடி எடுத்து மேஜை மேல் வைத்தாள். சாவி பையின் அடியில் கிடந்திருக்கிறது. குற்றம் இல்லாதவர்கள் சாவியை ஏன் அவ்வளவு அடியில் வைக்க வேண்டும்?

செப்டம்பர் 5, வெள்ளி

எப்சிபா மதுரைக் கிளைக்கே திரும்பிப் போகிறாள். "நிர்வாகக் காரணம்" என்று உத்தரவில் இருக்கிறது. வழியனுப்பு டீ கிடையாது. முப்பிடாதி அவளுடைய பெட்டியை ஆட்டோ வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார். நான் ஜன்னலைச் சாத்தியிருந்தேன், வெயில்.

செப்டம்பர் 6, சனி

புதுப் பூட்டு. இரண்டு சாவியும் என்னிடமே. புதிதாக இரண்டு கலப்புக் கூண்டு வைத்தேன், மறுபடியும் பாதிக்குப் பாதி. கொசு குடிக்கக் கோழி ரத்தத்தைச் சுட வைத்து ஜவ்வில் ஊற்றுவது முதல் சீனித்தண்ணீர்ப் பஞ்சு மாற்றுவது வரை இனி நானே. முப்பிடாதிக்குக் கொசுப்புழு தின்னும் மீன்களின் தொட்டி வேலையைக் கொடுத்துவிட்டேன்.

நிம்மதியாக இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

முப்பிடாதியின் மகள் முத்துப்பேச்சிக்குக் காய்ச்சல். டெங்கு என்று ஜி.ஹெச்சில் சொல்லிவிட்டார்கள். இவரும் நானும் பார்க்கப் போனோம். ஆறாம் வகுப்புப் பிள்ளை. கட்டிலில் சுருண்டு கிடந்தது. ஈறில் ரத்தம் கசிந்து உதட்டோரம் காய்ந்திருந்தது. முப்பிடாதியின் மனைவி இளநீரை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் வீடு வடக்கு வார்டில். புகை நிறுத்திய நான்கில் ஒன்று. எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வரும். வீட்டுக்கு வீடு சிமெண்டுத் தொட்டி, பிளாஸ்டிக் டிரம். எல்லாவற்றிலும் புழு.

முப்பிடாதியின் மனைவி என்னிடம் கேட்டாள்: "நீங்கதான் புகை அடிக்க வேணாம்னு சொன்னீகளாமே. கொசு தானா நோஞ்சானாப் போயிரும்னு."

"அந்த மருந்து அடிச்சாலும் அதுங்க சாகாதும்மா" என்றேன்.

"அப்ப சாகுற மருந்து எதையாச்சும் அடிக்கச் சொல்லிருக்கலாம்லா?"

முப்பிடாதி அவளை அதட்டினார். நான் ஆப்பிள் பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

காத்திருந்தால் போதும் என்று சொல்லியிருந்தேன். அதனால் அந்த வார்டுகளில் வேறு மருந்தும் வாங்கவில்லை, தொட்டி கழுவ ஆளும் போடவில்லை. அது நகராட்சியின் முடிவு, என்னுடையது அல்ல.

செப்டம்பர் 17, புதன்

முத்துப்பேச்சிக்கு ரத்த அணு ஏறத் தொடங்கிவிட்டதாம்.

செப்டம்பர் 22, திங்கள்

பழைய கூட்டத்தின் முட்டைத்தாளைத் தண்ணீரில் போட்டேன். பக்கத்துத் தட்டில் புதுக் கூட்டத்தின் முட்டை. எப்சிபா சொன்னதற்காக அல்ல. டப்பாவை ஒழுங்கு பண்ண வேண்டியிருந்தது, வீணாகப் போவானேன் என்றுதான்.

செப்டம்பர் 29, திங்கள்

புதுக் கலப்புக் கூண்டுகளின் முதல் முடிவு. துளியும் இறங்கவில்லை. பாதிக்குப் பாதி. இரண்டிலும்.

முப்பிடாதியிடம் பழைய சாவி இருந்ததே, அதற்கு நகல் எடுத்திருப்பாரோ என்று ஒரு நிமிஷம் ஓடியது. பூட்டே வேறு. அந்த மனிதர் காய்ச்சல் வந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அறைக்குள் என்னைத் தவிர யாரும் போகவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

லீவு. நிலையத்துக்குப் போனேன்.

தட்டுகள் இரண்டும் ஒரே நாளில் தண்ணீரில் போட்டவை. ஒரே தீனி, அதே நாய் பிஸ்கட் தூள், அதே அளவு. இடது தட்டில், பழைய கூட்டம், இன்னமும் மெல்லிய புழுவாக அடியில் கிடக்கிறது, அதிலும் பாதி செத்து மிதக்கிறது. வலது தட்டில் புதுக் கூட்டம். முக்கால்வாசி கூட்டுப்புழுவாகி, கமாவைப் போல வளைந்து, தட்டைத் தொட்டதும் துள்ளி ஓடுகிறது. நாளைக்கு இறக்கை முளைத்துப் பறக்கும்.

இரண்டுமே மருந்துக்குச் சாகாத வகை. ஒன்று நான் இரண்டு வருஷத்துக்கு முன் அளந்தது. மற்றது இன்று ஊரில் பறப்பது.



அக்டோபர் 4, சனி

நேற்று வெளிவந்ததில் சிலவற்றை எடுத்து இறக்கை அளந்தேன். புதுக் கூட்டத்தின் இறக்கையும் சாதாக் கொசுவின் இறக்கையும் ஒரே நீளம். தனித்தனியாக வைத்தால் எது எது என்று எனக்கே தெரியாது.

"சாகாத வகையோட றெக்கை இப்போ சின்னதா இல்ல." கொடியேற்றத்தன்று அவள் என் காதோரம் சொன்னது இதைத்தான். டைரக்டர் அப்போது மைக் பக்கத்தில் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்கவே முடியாது.

யாரும் கூண்டைத் திறந்து எதையும் உள்ளே விடவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

டைரக்டரிடம் போனேன். தட்டுகளின் போட்டோவையும் இறக்கைகளையும் காட்டினேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"செண்பகவல்லி, உங்க பழைய ரிசல்ட் பொய் இல்லையே?"

"இல்ல சார். அந்தக் கூட்டத்துக்கு அது உண்மை."

"அப்போ அதையே சொல்லுங்க. புதுசு இன்னும் ஆராய்ச்சியில இருக்கு. அடுத்த வருஷம் சொல்லிக்கலாம்."

"அடுத்த வருஷம்னா ஒரு மழைக்காலம் போயிரும் சார்."

"எப்சிபா விஷயமும் வெளிய வரும், யோசிச்சீங்களா? புகார் குடுத்தது நீங்க."

"யோசிச்சேன்" என்றேன். அந்த நிமிஷம் வரை யோசிக்கவில்லை.

அக்டோபர் 11, சனி

காலையில் தோசை ஊற்றிக்கொண்டே இவரிடம் கேட்டேன். எப்சிபா எதற்கு உங்களுக்குப் போன் பண்ணினாள்?

"ரெண்டு தடவ பண்ணுச்சு. 'மேடம் எம்பேச்சக் கேக்கவே மாட்டேங்காங்க, கூட்டத்துக்கு முந்தி ஒரே ஒரு தடவ மைக்ராஸ்கோப்ல பாக்கச் சொல்லுங்க சார், இல்லன்னா அவங்களுக்குத்தான் கெட்ட பேரு'ன்னுச்சு."

"நீங்க ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்ல வந்தேன். அன்னைக்குப் பூரா நீ என்னையே முறைச்சுக்கிட்டிருந்தே. சட்னி கூட இல்ல. நான் என்னத்தச் சொல்ல?"

தோசை கருகிவிட்டது. இவர் கருகியதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார், "ஒரு தடவ நேர்ல போயிட்டு வா."

அக்டோபர் 14, செவ்வாய்

மதுரை. எப்சிபா இருப்பது மாடியில் கடைசி அறை, பாதி ஸ்டோர் ரூம். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியில் இருந்த பெட்டிகளை எடுத்துக் கீழே வைத்தாள். உட்காருங்க என்றாள். டீ சொல்லட்டுமா என்று கேட்டாள். எல்லாம் முறையாக இருந்தது.

போட்டோக்களை மேஜையில் பரப்பினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். வேலை என்று வந்ததும் அவள் முகம் இளகியது.

"இதத்தான் நானும் நெனச்சேன் மேடம். பழைய கூட்டம் பிடிச்சப்போ எதிர்ப்பு புதுசு, அதான் நோஞ்சானா இருந்துச்சு. அதுக்கப்புறம் வடக்கு வார்டுல வருசக்கணக்கா அதே மருந்த அடிச்சிருக்காங்க. தாங்குனதுலயும் நல்லா வளந்து நெறைய முட்டை போட்டது மட்டும் மிஞ்சிக்கிட்டே வந்திருக்கும். சுமையத் தூக்கிக்கிட்டே ஓடிப் பழகிருச்சு. இனி மருந்த நிறுத்துனாலும் அது பின்வாங்காது."

"எனக்கு இது தோணவே இல்ல."

"உங்களுக்குத் தோணாம இருக்காது மேடம். நீங்க பாக்கல."

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பவில்லை.

"உன்னைத் தப்பா நெனச்சுட்டேன் எப்சிபா" என்றேன். முதல் தடவையாக அவளை ஒருமையில் கூப்பிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. உரிமை எடுத்துக்கொள்ள வேண்டிய நேரமா அது?

"நெனச்சது பரவால்ல மேடம். யாருக்கும் சந்தேகம் வரும். அத மொதல்ல எங்கிட்ட கேட்டிருக்கலாம்." போட்டோக்களை அடுக்கி என் பக்கம் நகர்த்தினாள். "எங்க ஊரு நாசரேத்துல எங்கம்மா சர்ச்சுக்குப் போறதே இல்ல இப்போ. 'ஒம்மவ ஆபீஸ்ல என்னத்தையோ மாத்தி வச்சு மாட்டிக்கிட்டாளாமே'ன்னு கொயர்ல ஒருத்தங்க கேட்டிருக்காவ. எங்கம்மா அந்தக் கொயர்ல முப்பது வருசமாப் பாடுதா."

கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றேன். உன் பெயரையும் சொல்வேன் என்றேன்.

"அத நீங்க எனக்காகச் சொல்ல வேண்டாம். அந்த வார்டுக்காகச் சொல்லுங்க" என்றாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது விருதுநகர் வரைக்கும் பக்கத்து இருக்கைக்காரர் பேரன் கதை சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தையும் மனதில் ஏறவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

கூட்டம். கமிஷனர், சுகாதாரத் துறை டெபுடி டைரக்டர், பக்கத்து ஊர் அதிகாரிகள். எங்கள் டைரக்டர் முதல் வரிசையில். நான் பேச எழுந்து போகும்போது என் புடவைத் தலைப்பைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

மே மாதம் சொன்னதைச் சொன்னேன். அப்புறம் தட்டுகளின் படத்தைத் திரையில் போட்டேன். "இடது பக்கம் நாங்கள் நம்பிய கொசு. வலது பக்கம் உங்கள் ஊரில் இருக்கும் கொசு. இது பலவீனம் இல்லை. காத்திருந்தால் போகாது."

கமிஷனர் முன்னால் சாய்ந்தார். "அப்ப எங்ககிட்ட சொன்னீங்களே, ரெயின்கோட் கத?"

"தப்பு சார். ஆய்வகத்துப் பழைய கொசுவ வச்சு ஊருக்குச் சொன்னேன். ஊர்க் கொசுவ மறுபடி பாக்காம சொன்னேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். டெபுடி டைரக்டர் மேடம் சிரிக்கவில்லை. இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். வேறு வழியில் கொல்லும் மருந்து, அதையும் முதலில் ஊர்க் கொசுவிடம் சோதித்துப் பார்த்து. வாரம் ஒருமுறை வீடு வீடாகத் தொட்டியைக் காலி செய்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவ ஆள், ஏனென்றால் முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும். எந்த மருந்தாக இருந்தாலும் வருஷாவருஷம் சோதனை. சொல்லிக்கொண்டே போனேன், அவர் குறித்துக்கொண்டார்.

கடைசியில், யாரும் கேட்காமலே, ஒன்று சொன்னேன். "இதை முதலில் கண்டது டாக்டர் ரூத் எப்சிபா. அவர் என் கூண்டைக் கெடுத்ததாக நான் புகார் கொடுத்தேன். அந்தப் புகார் பொய். அதை இன்று காலை எழுத்து மூலமாகத் திரும்பப் பெற்றுவிட்டேன்."

கடைசி வாக்கியத்தைச் சன்னமாகச் சொல்லிவிட்டேன், சரியாகக் கேட்டிருக்காது. மறுபடி ஒருமுறை சத்தமாகச் சொன்னேன்.

அக்டோபர் 27, திங்கள்

தொட்டி கழுவும் ஆட்கள் வடக்கு வார்டில் இன்று இறங்கிவிட்டார்கள். முத்துப்பேச்சி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கிறாள்.

டைரக்டர் என்னிடம் காகிதம் மூலமாக மட்டும் பேசுகிறார். எப்சிபாவின் மாற்றல் உத்தரவை ரத்து செய்யலாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். மத்தியானம் அவளைப் போனில் கூப்பிட்டேன்.

"கேள்விப்பட்டேன் மேடம். நா அங்க வரல. இங்கயே இருந்துக்கிடுதேன்."

"இடம் கூட இல்லையே அங்க."

"பெட்டிய எடுத்துட்டா இடம் இருக்கு." உடனே வேலைக்கு வந்தாள். "ரெண்டு கூட்டத்தோட முட்டைத்தாளும் அனுப்பி வைங்க. நானும் தனியாச் செஞ்சு பாக்கணும். கட்டுரையில எம்பேர மொதல்ல போடுங்க."

"போடுறேன்."

"சரி மேடம்."

வைத்துவிடுவாள் என்று தோன்றியது. அவசரமாகக் கேட்டேன், "புகார வாபஸ் வாங்கி நான் எழுதுனதோட நகல் உங்க கைக்கு வந்துதா? அம்மா சர்ச்சுக்குப் போறாங்களா?"

"வந்துச்சு. எங்கூரு பாஸ்டர்கிட்ட காட்டுனேன். அவுக அத நேத்து ஆராதனையில எல்லார் முன்னாலயும் வாசிச்சாவ."

"அம்மா?"

"அம்மா வீட்ல இருந்தா மேடம். அவ இன்னும் போகல."